வண்டி மூன்றுக்குப் போன செய்தி

சங்ககிரியில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வண்டிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் எந்த ஊரில் சாப்பிடுவார், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பொறுமை மட்டும் கிடையாது. அது அலுவலகத்தில் எல்லோருக்கும் அத்துப்படி.

இப்படிப்பட்ட என்னைப் போன வருடம் ஒரு நாள் கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் உட்கார வைத்தார்கள். கல்யாணத்துக்கு இல்லை, பயிற்சிக்கு. எங்கள் முதலாளி புதிதாக ரசாயன டேங்கர்கள் ஓட்ட எடுத்திருந்தார். டேங்கர் வழியில் கவிழ்ந்தால், கசிந்தால், அலுவலகமும் டிரைவர்களும் ஒர்க்‌ஷாப்பும் எப்படிச் செய்தி சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஒத்திகை பார்த்தாக வேண்டுமாம். அதை நடத்திவைக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் ஐந்தாறு லேப்டாப்போடு வந்து இறங்கினார்.

மணமகள் அறைதான் அலுவலகம். ஹாலுக்கு அந்தப் பக்கம் இருந்த மணமகன் அறை, ரோடு. அங்கே மூன்று மேசை, மூன்று லேப்டாப், அவைதான் மூன்று வண்டிகள். பந்தி போடும் இடம் ஒர்க்‌ஷாப். மேடம் மேடையில், தாலி கட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வாயால் ஒரு வார்த்தை பேசக் கூடாது, எழுந்து போகவும் கூடாது என்பது முதல் விதி. இணையத்தில் ஒரு பக்கம் திறந்து வைத்திருந்தார்கள், எல்லாவற்றையும் அதில்தான் எழுத வேண்டும். யாருக்கு எழுதினோமோ அவருக்குப் போகும், எத்தனை மணிக்கு எழுதினோம் என்பதோடு மேடத்திடம் பதிவாகும். பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரைபடம், அதில் வண்டிகள் சிவப்புப் புள்ளிகள். டிரைவர் நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பொத்தானை அழுத்தினால் புள்ளி நகரும். அழுத்தாவிட்டால் நின்றுவிடும்.

எனக்குக் கைபேசியில் தட்டித்தான் பழக்கம். அந்த லேப்டாப்பில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. மேசை ஆடுகிறது, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று நான் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

எல்லோருடைய போனையும் வாங்கி, மண்டபத்திலேயே கிடந்த ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, என் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். சீர்த்தட்டு மாதிரி இருந்தது. போனைக் கொடுக்க எல்லோரும் முனகினார்கள். ஆனால் வண்டி மூன்றின் டிரைவருக்கு மட்டும் முனக உண்மையான காரணம் இருந்தது. அவர் ராசிபுரத்துக்காரர், எங்களிடம் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவர், நான் அண்ணா என்று கூப்பிடுகிற ஒரே டிரைவர். மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பிரசவத்திலேயே ரத்தம் நிறையப் போய் அவளை மறுபடி பார்ப்போமா என்று கிடந்த குடும்பம் அது. டாக்டர் இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்று சொன்னதால்தான் பயிற்சிக்கே வந்திருந்தார்.

"அம்மிணி, ஊட்டுல இருந்து போன் வந்தா நீங்களே எடுத்துருங்க. எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லிப்போடுங்க" என்றார்.

"சொல்லாம எங்கீங்கண்ணா போறேன்? போயி வண்டிய எடுங்க" என்று விரட்டினேன்.

இங்கே எங்கள் அலுவலகத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரோட்டில் இருந்த ஒரு டிரைவரின் வீட்டில் அவர் அப்பா தவறிவிட்டார். நான் போன் போட்டு அப்படியே சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வழிய வழிய, எங்கேயும் நிறுத்தாமல், லோடோடு ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஸ்டீரிங் புடிச்சிருக்கறவன்கிட்ட எளவு சொல்லுவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அன்றிலிருந்து வழக்கம் மாறியது. கெட்ட செய்தி என்றால் முதலில், "வண்டிய ஓரங்கட்டி ஒரு டீ சாப்பிடுங்க" என்று சொல்வேன். நின்றுவிட்டேன் என்று பதில் வந்தபிறகு, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, டீயும் குடித்து முடித்தபிறகு, மெதுவாக விஷயத்தைச் சொல்வேன். காலப்போக்கில் எல்லா டிரைவர்களுக்கும் இது தெரிந்துபோனது. டீ சாப்பிடுங்க என்றாலே முகம் வெளுத்துவிடும். ஆனால் அதற்குள் வண்டி நின்றிருக்கும், எங்களுக்கு அதுதான் வேண்டும்.

ஒத்திகை தொடங்கியது. வண்டி மூன்று நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அவர் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவார். "குமாரபாளையம் தாண்டியாச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "பவானி தாண்டியாச்சு." நிஜ ரோட்டில் கூட இத்தனை ஒழுங்காகச் சொன்னதில்லை. அப்போது மேடத்திடமிருந்து என் திரைக்குச் செய்தி வந்தது. பெருந்துறைக்கு முன்னால் ஒரு டேங்கர் கவிழ்ந்து அமிலம் கசிகிறது, மூன்று நிமிடத்துக்குள் வண்டி மூன்றுக்குத் தெரிவித்து நிறுத்தவும்.

நான் யோசிக்கவே இல்லை. கெட்ட செய்தி, டிரைவர் ரோட்டில் இருக்கிறார், கை தானாகத் தட்டிவிட்டது. "அண்ணா, வண்டிய ஓரங்கட்டி ஒரு டீ சாப்பிடுங்க."

புள்ளி நின்றது. பதில் வரவில்லை. "நின்னாச்சுங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்று நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "பதில் போடுங்கண்ணா" என்று மறுபடி தட்டிவிட்டு நிமிர்ந்தால், அவர் என் அறை வாசலில் நிற்கிறார். செருப்பில்லை. தோள் துண்டு கையில் சுருண்டிருந்தது. பேயறைந்த மாதிரி முகம்.

"சொல்லுங்க அம்மிணி. என்ற புள்ளைக்கு என்னாச்சு?"

அப்போதுதான் நான் செய்துவைத்த காரியம் எனக்கு உறைத்தது.

"ஐயோ, ஒண்ணுமில்லீங்கண்ணா. பெருந்துறைகிட்ட டேங்கர் கவுந்துபோச்சு, அதுக்குத்தான்."

"ஒண்ணுமில்லீன்னுதானுங்க எப்பவும் மொதல்ல சொல்லுவீங்க."

இத்தனை வருடமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். தாம்பாளத்திலிருந்து அவர் போனை எடுத்துக் கையில் கொடுத்தேன். மேடம் மேடையிலிருந்து வேகமாக இறங்கி வந்து, "போன் யூஸ் பண்ணக் கூடாது, ரூல் சொன்னேன் இல்ல?" என்றார். "உங்க ரூலை அக்கட்டால வைங்க மேடம், பெத்த அப்பன் நிக்கறாரு" என்று கத்திவிட்டேன். அந்தக் குரல் அறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, ஒர்க்‌ஷாப் வரைக்கும் கேட்டிருக்கிறது.

அவர் போட்ட போனை மகளே எடுத்தாள். "ஏனுங்கப்பா, இப்பத்தான் சாப்புட்டுப் படுத்தேன், அதுக்குள்ள எழுப்பறீங்க" என்று அவள் சலித்துக்கொண்டது எனக்கே கேட்டது. அவர் மணப்பெண் உட்காரும் சிவப்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற வேலை இல்லை, ஆனால் கேட்டேன். "உடுங்க அம்மிணி. டேங்கர்தான கவுந்துது" என்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால் மேடம் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, பதிவான செய்திகளைப் பெரிய திரையில் ஓடவிட்டார். அமிலக் கசிவு என்று மேடம் அனுப்பியதற்குக் கீழே, டீ சாப்பிடுங்க என்று நான் அனுப்பியது பளிச்சென்று இருந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது, விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரைவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மேடம் அதைக் கவனித்துவிட்டார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். நானே எழுந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒர்க்‌ஷாப்பிலும் சிரிப்பு நின்றது. மேடம் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். மதிப்பெண்ணில் அலுவலகம் கடைசி. அதில் மட்டும் அவர் இரக்கம் காட்டவில்லை.

"ரெண்டாவது சுற்றுல விஷயத்தை நேரா எழுதுங்க. நிறுத்தவும், காரணம் இது. அவ்வளவுதான்" என்றார். சரி என்றேன். வண்டி ஒன்றின் டிரைவர் எழுந்து, "அந்த டீய வெளையாட்டுக்கு எடுக்க வேண்டாமுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கோழிக்குழம்போடு சாப்பாடு நன்றாக இருந்தது. மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். காலையில் கத்தியதைப் பற்றி இரண்டு பேரும் பேச்செடுக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் கை பழகிவிட்டது. கசிவு, டயர் வெடிப்பு, வழி மாற்றம் எல்லாவற்றையும் நேரத்துக்குள் அனுப்பினேன். ஜன்னலில் கோட்டை மலைமேல் வெயில் சாய ஆரம்பித்திருந்தது, மணமகள் அலங்காரம் செய்துகொள்ளும் கண்ணாடி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பதுகூடப் பிடித்துப்போயிருந்தது. அப்போது தாம்பாளத்தில் ஒரு போன் அதிர்ந்தது. வண்டி மூன்றுடையது.

எடுத்தேன். அவர் மனைவி. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் வலி கண்டு ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம், இப்போதுதான் பிறந்ததாம். பெண் குழந்தை. மகளைத் தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும், பேசியதாகவும் சொன்னார்.

"அப்பவே ஏனுங்கக்கா போன் பண்ணல?" என்று கேட்டேன்.

"ஸ்டீரிங்குல இருப்பாரோ என்னமோன்னுதானுங்க. எல்லாம் முடிஞ்சு சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

மணமகன் அறைக்கு இருபது அடி எடுத்து வைத்தால் போய்விடலாம். ஆனால் நான் எழவில்லை; இந்த முறை அது விதிக்காக இல்லை. நான் அந்த வாசலில் போய் நின்றால் வாயைத் திறப்பதற்குள் அந்த மனுஷனுக்கு உயிர் போய் உயிர் வரும். காலையில் ஒரு தடவை பார்த்தது போதும். லேப்டாப்பை இழுத்துக்கொண்டேன். வரைபடத்தில் வண்டி மூன்று பெருந்துறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்த முதல் தப்புக்குப் பிறகு ஓடுகிற வண்டிக்கு வீட்டுச் செய்தி சொன்னதே இல்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்.

"அண்ணா, நிறுத்த வேண்டாம். ஓட்டிக்கிட்டே படிங்க. பேத்தி பொறந்திருக்குது. ஆத்தாளும் புள்ளையும் நல்லா இருக்கறாங்க."

அனுப்பிவிட்டுச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் நின்றது. வாசல் வழியே, மேடையில் மேடம் எழுந்து நிற்பது தெரிந்தது, அவருக்கும் செய்தி போயிருந்தது. பிறகு புள்ளி நகர்ந்தது. அடுத்த நிமிடமும் நகர்ந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கத் தொடங்கினேன். வெகுநேரம் கழித்து, ஒற்றை விரலால் தட்டிய பதில் வந்தது.

"அவினாசி தாண்டியாச்சுங்க அம்மிணி. அந்தச் சேதிய இன்னொருக்கா அனுப்புங்க."