ஊறலில் சுடுதண்ணீர்

காய்ச்சல் விட்ட நாலாம் நாள் என் மகளின் இடது கால் துவண்டுபோனது. அப்போது அவளுக்கு ஆறு வயது. இளம்பிள்ளை வாதம் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். இன்னொன்றும் சொன்னார். போன பலத்தில் திரும்பி வருவது பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள் வந்துவிடும், அதற்குப் பிறகு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று. தொட்டால் அவளுக்குத் தெரியும், குளிர்ந்தால் தெரியும், அசைக்கத்தான் முடியாது. அந்தக் கால் மட்டும் சித்திரை வெயிலிலும் சில்லிட்டிருக்கும். இரவில் தூக்கத்தில் என் கை தானாக அதைத் தேடிப்போகும்.

அந்த வருஷம் முடியப்போகிற சமயத்தில்தான் எங்கள் பக்கம் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறியலுக்குச் சில நாள் முன்னால்தான் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க வரும் அம்மாள் வந்திருந்தாள். மகளின் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க ஊர் கிட்ட, ரோட்டோரமா, ஊறல்ல இருந்து சுடுதண்ணி வருதும்மா. கல்லுப் பள்ளத்துல நிக்கும். நான் முட்டிய வுட்டுக்கினு குந்தினு இருப்பேன். இப்ப வலி எவ்ளோ கம்மி தெரியுமா?"

"வாடை ஏதாவது வருமா?" என்று கேட்டேன்.

"வரும் வரும். மூக்கப் புடிச்சிக்கினுதான் குந்தணும்."

நான் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறவள். வெந்நீர் ஊற்றில் கந்தக வாடை வரும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். எங்கள் மணலூர்பேட்டையில் ஊறல் என்றால் ஆற்று ஊறல்தான். கோடையில் பெண்ணையாற்று மணலைத் தோண்டினால் கசிந்து நிறையும் தண்ணீர். எனக்கு அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வாடகைக்கு ஓர் அம்பாசிடர் பிடித்தோம். "இந்த நேரத்துல போகணுமா?" என்று கணவர் ஒரு தடவை கேட்டார். பதில் அவருக்கே தெரியும். மெயின் ரோட்டை விட்டு, கரும்புக்காட்டு வழியாக டிரைவர் சுற்றிச் சுற்றி ஓட்டினார். வடக்கனந்தலுக்கு அப்பால் சுற்றிப்போக வழியில்லை. குறுக்கே ஒரு மரம் கிடந்தது. பத்திருபது பேர் நின்றார்கள்.

"எங்க போறீங்க?"

"மலைக்குங்க. ஊறலுக்கு," என்றார் கணவர்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊறலுக்கா? குடும்பத்தோடவா?"

"அம்மாவுக்குமா சார்?" என்றான் பின்னால் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர் ஒருவர் ஜன்னல் வழியாகக் குனிந்து, என் மடியில் நீண்டிருந்த காலைப் பார்த்தார்.

"சும்மா இருங்கடா. கொழந்த இருக்குது. வுடுங்க, போவட்டும்."

மரத்தை ஓரமாக இழுத்து வழி விட்டார்கள்.

மலை ஏறி இரண்டு மூன்று வளைவு தாண்டியதும் அந்த இடம் வந்தது. அந்த அம்மாள் சொன்னபடியே இருந்தது. சாலையோரத்தில் பாறைக்குள் தொட்டிபோல் ஒரு பள்ளம், மேலே சரிவிலிருந்து இறங்கும் சிறிய வாய்க்கால். கொஞ்சம் புளித்த வாடை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்து கையை விட்டேன்.

பச்சைத் தண்ணீர்.

ஆழத்தில் சூடாக இருக்கும் என்று முழங்கைவரை விட்டேன். அங்கேயும் அதே குளிர்ச்சி. பக்கத்தில் ஒருத்தி குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதண்ணி எப்பங்க வரும்?" என்று கேட்டேன்.

அவள் என்னையும் காரையும் பார்த்தாள். "அடுப்பு எரிஞ்சாத்தான வரும்?"

"இன்னா அடுப்பு?"

"இன்னாம்மா நீ, மேல ஊறல் போட்டுக் காய்ச்சறாங்கல்ல? ஆவி ஆறறதுக்கு மேல்பானைல பச்சத்தண்ணி ஊத்துவாங்க. அது சூடாயி இப்படி வயிஞ்சி வரும். நாங்க துணி தொவைச்சிக்குவோம்." குண்டானைக் கவிழ்த்தாள். "ரோட்ட மறிச்சிட்டாங்க. வெல்லம் மேல ஏறல. எல்லாம் கம்முனு கெடக்குது."

சாராய ஊறல். வழியில் அத்தனை பேரும் சிரித்தது அதற்குத்தான். கடுக்காய் அம்மாள் பொய் சொல்லவில்லை. மேலே அடுப்பு எரியும்போது அவள் முட்டிக்குச் சூடு கிடைத்திருக்கிறது.

கணவர் காரில் சாய்ந்து நின்று சாலையைப் பார்த்தார். "வா, போவலாம்," என்றார். நான் போகவில்லை. கல்லின்மேல் உட்கார்ந்து மகளின் காலைத் தண்ணீரில் இறக்கினேன். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சமா சுடுதும்மா," என்றாள்.

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீருக்குள் அவள் பெருவிரல் அசைந்தது. ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. "இங்க பாருங்க," என்று கத்தினேன். கணவர் ஓடி வந்து மண்டியிட்டார். வாய்க்கால் விழுகிற இடத்துக்கு நேராக இருந்தது கால். அவர் உள்ளங்கையால் அந்தத் தண்ணீரைத் தடுத்தார். விரல் நின்றுவிட்டது. கையை எடுத்தார். மறுபடியும் அசைந்தது.

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்.

இறங்கி வரும்போது அதே மரம், அதே ஆட்கள். பின்னால் நின்று சிரித்தவனே ஜன்னலுக்கு வந்தான். இப்போது சிரிக்கவில்லை.

"இன்னாங்க, கெடச்சுதா?"

மகள்தான் சொன்னாள்.

"அடுப்பு எரியலையாம்."

மரத்தை இழுத்து வழி விட்டார்கள். நாங்கள் தாண்டியதும் அது மறுபடி சாலைக்கு இழுபடும் சத்தம் கேட்டது. அவள் காலைத் துண்டில் சுற்றி, என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன். மணலூர்பேட்டை வரும்வரை என் கை வியர்த்துக்கொண்டே இருந்தது. கால் சூடாகவில்லை.