சவரம் முடியும் வரை காத்திருந்த வாயிற்காவலர்

எங்கள் ஊர் மாநிலத்தின் தலைநகர் என்பது குளிர்காலத்தில்தான் எங்களுக்கே நினைவுக்கு வரும். சட்டசபை கூடும் அந்த மாதங்களில் உறுப்பினர்களும் பன்றிகளும் ஒரே சேற்றுத் தெருவில் நடப்பார்கள். பன்றிகள் வழிவிடும். சபைக் கட்டடத்துக்கு எதிரே என் சவரக்கடை. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்று பேதம் பார்க்காமல் எல்லார் கழுத்திலும் கத்தி வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் மட்டும்தான் இவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சபையில் நான் மதித்த ஒரே மனிதர் அபைஜா ஸ்டௌட். அவர் உறுப்பினர் இல்லை, வாயிற்காவலர். அவருடைய வண்டிப்பட்டறை தீயில் போன பிறகு, ஜனநாயகக் கட்சி ஜெயித்த ஒரு வருடத்தில் அந்த வேலை கிடைத்தது. கணப்பில் விறகு போட வேண்டும், எச்சில் துப்பும் கிண்ணங்களைக் கழுவ வேண்டும். சபாநாயகர் "கதவைச் சாத்து" என்றால் சாத்திவிட்டு ஒருவரையும் வெளியே விடக்கூடாது. வராத உறுப்பினரைத் தேடிப் பிடித்து இழுத்து வருவதும் அவர் பொறுப்புதான். ஆள் ஒல்லி. ஆனால் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டால் ஆளுநரே வந்தாலும் நகரமாட்டார்.

அவருக்கு இருந்த ஒரே பயம் மைத்துனன். மனைவி லொவைனாவின் தம்பி பன்றிப் பண்ணை வைத்திருந்தான். வேலை போனால் அங்கே போய் ஒண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அவன் ஸ்டௌட்டை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நம்ம கதவு வந்திருக்காரு" என்பான்.

உள்நாட்டுப் போர் முடிந்து சில வருடங்களில் ஒரு தேர்தல் வந்தது. குடியரசுக் கட்சி ஜெயித்தது. புதிய சபாநாயகர் தன் அக்கா மகன் ஹோமருக்கு வாயிற்காவலர் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சபை ஓட்டுப் போட்டுப் புதிய ஆளைத் தேர்ந்தெடுக்கும்வரை பழைய ஆள்தான் நிற்க வேண்டும். அதற்குள் குடியரசுக் கட்சிக்காரர்கள் தொகுதிகளை மாற்றி வரைந்து ஒரு வரைபடம் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறினால் ஜனநாயகக் கட்சி பத்து வருடத்துக்குத் தலைதூக்க முடியாது. ஆள் குறைந்தால் சபை நடக்காது அல்லவா? ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மொத்தமாக ஆற்றைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்கு ஓடிப்போனார்கள். எண்ணிப் பார்த்தால் சபை நடத்தத் தேவையான எண்ணிக்கைக்கு ஒரே ஒரு தலை குறைந்தது.

அந்த வாரம் முழுக்க லொவைனா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில், ஓடிப்போனவர்களில் ஒருவரான எலையஸ் ப்ரூயிட் காலையில் என் கடைக்குள் நுழைந்தார். அவர் தாடையில் ஒரு பெரிய மரு. அக்கரை நாவிதன் அதை இரண்டு முறை கீறிவிட்டானாம். சோப்பு போட்டு, முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போர்த்தியிருந்தேன். கதவு திறந்தது. சபாநாயகரின் உத்தரவோடு ஸ்டௌட் வந்து நின்றார். நாற்காலிக்குக் கீழே நீட்டியிருந்த பூட்ஸைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவசரமில்ல, மெதுவா முடிச்சுக்குங்க ஐயா. அந்த பூட்ஸ் சேத்த நான்தான் தினமும் கூட்டித் தள்றேன். எனக்குத் தெரியாதா?"

ப்ரூயிட் துண்டை விலக்கினார். "ஏன்யா, நீ நம்ம கட்சிக்காரன்தானே?"

"ஓட்டுப் போடுற அன்னைக்கு."

"நான் உள்ள காலை வச்சா வரைபடம் பாஸாயிடும். அடுத்தது உன் வேலைதான். அந்த ஹோமர் பயலுக்குப் போயிடும், தெரியும்ல?"

"தெரியும். வீட்ல பெட்டி கட்டியாச்சு."

"மச்சான் வீட்ல பன்னிக்குக் கதவு தெறந்து விடப் போறியா?"

ஸ்டௌட்டின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, பேசாம திரும்பிப் போங்க. இங்க யாரும் வரலன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

"நான் பாத்துட்டேனே" என்றார் ஸ்டௌட். "பைபிள் மேல கைய வச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். அதுல கட்சி பேரு எதுவும் வரல. நீங்க சவரத்த முடிங்க. பாதி முகத்தோட ஒரு உறுப்பினரக் கூட்டிட்டுப் போனா சபைக்குத்தான் அசிங்கம்."

என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் சவரம் செய்ததில்லை. முடித்த பிறகு கடையைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னாலேயே போய், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். என் கைவண்ணத்தில் பளபளத்த ப்ரூயிட் உள்ளே வந்ததும் பெரும்பான்மைக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். சபாநாயகர் தலைகளை எண்ணச் சொன்னார். ஒன்று குறைந்தது.

ஸ்டௌட் வெளியே போயிருந்த நேரத்தில் கதவில் நிறுத்தப்பட்டவன் ஹோமர். அவன் தலையைச் சொறிந்தான். "லூமிஸ் ஐயா விடுதியில ஆப்பிள் பை பலகாரம் சாப்டுட்டு வந்துடறேன்னாரு மாமா. நம்ம கட்சிக்காரர்தானேன்னு விட்டேன்."

மறுபடி ஸ்டௌட்டை அனுப்பினார்கள். அவர் விடுதிக்குப் போய், கிழவர் லூமிஸைப் பலகாரத் தட்டோடு நடத்திக் கூட்டி வந்தார். மறுபடி எண்ணினார்கள். மறுபடி ஒன்று குறைந்தது. அதற்குள் ப்ரூயிட், மறுபடி கதவில் நின்ற ஹோமருக்கு ஒரு சுருட்டைக் கொடுத்து, நெருப்பு கேட்டுக்கொண்டே தாழ்வாரத்துக்குப் போய், அப்படியே படகுத்துறைக்கும் போய்விட்டார். மாடத்தில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சபாநாயகர் தன் அக்கா மகனைப் பார்த்த பார்வையில் அடுப்பே பற்றியிருக்கும்.

இந்த இழுபறி ஆறு உறையும்வரை நீடித்தது. பிறகு வரைபடத்தை இரண்டு கட்சியும் உட்கார்ந்து திருத்துவது என்று சமாதானமானது. ஓடியவர்கள் திரும்பினார்கள். வாயிற்காவலர் தேர்தல் வந்தது. ஹோமரின் பெயரைச் சொல்ல அவன் மாமாவுக்கே வாய் வரவில்லை. குடியரசுக் கட்சியின் லூமிஸ் எழுந்து, "சாப்பிட்டுக்கிட்டிருந்த என்னையே எழுப்பிக் கூட்டிட்டு வந்தவன் வேணும்" என்று ஸ்டௌட்டின் பெயரைச் சொன்னார். ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு ஓட்டுக் கேட்டார்கள். எல்லாரும் ஆம் என்றார்கள், ஒருவரைத் தவிர. அவர் ப்ரூயிட், ஸ்டௌட்டின் சொந்தக் கட்சிக்காரர்.

மறுநாள் காலை என் கடையில் ஸ்டௌட் அவரிடம் கேட்டார், குரலில் வருத்தம் தெரிந்தது. "ஐயா, சவரம் முடியிறவரைக்கும் காத்திருந்தேனே. அப்பவும் எனக்கு எதிரா?"

"யோவ், நீ கதவுல நின்னா அடுத்த தடவ நான் எப்படிய்யா ஓடறது?" என்றார் ப்ரூயிட்.

அன்றுதான் லொவைனா பெட்டியை அவிழ்த்தாள். தனக்குக் கிடைத்த ஓட்டுகளைப் பற்றி ஸ்டௌட் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. கிடைக்காத அந்த ஒரு ஓட்டை மட்டும், வருடா வருடம் மைத்துனன் வீட்டு விருந்தில், பின்னால் பட்டியில் இருக்கும் பன்றிகளுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார்.