நூற்றிலிருந்து கழிப்பவர்

திரையில் பன்னிரண்டு குதிரைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும்போது அவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் நூலக அரங்கின் பழைய கம்பளம்தான் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அழுத்தி அழுத்தி, மூன்றாவது வரிசையின் ஓர இருக்கைக்கு முன்னால் அந்தக் கம்பளம் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்துவிட்டது. படத்தில் கேப்டன் கையை உயர்த்துகிறார். அத்தனை குதிரைகளும் ஒரே கோட்டில் நிற்கின்றன. இவருடைய காலும் மேலே வருகிறது.

"கையைக் காட்டிட்டு நிறுத்துறான் பாருங்க," என்று பக்கத்தில் இருக்கும் என் காதில் சொல்கிறார். "பின்னாடி வர்றவனுக்குச் சொல்லிட்டு நிறுத்துறான். இதுக்கு மட்டுமே பத்து மார்க்."

இதை அவர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். நானும் ஒவ்வொரு வருடமும் முதல் தடவை கேட்பதுபோல் தலையை ஆட்டுவேன். படம் முடிந்ததும் அவருடைய காரில்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

வாகன ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் அவர் தேர்வாளர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வைத்த பெயர் மைனஸ் சார். அது அவருக்கும் தெரியும், வருத்தமில்லை. தேர்வுக்கு வந்தவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார, இவர் பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்காருவார். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. "வண்டியை எடுங்க" மட்டும்தான் வரும்.

"எல்லாரும் நூறு மார்க்கோடதான் உள்ள வந்து உக்கார்றாங்க," என்பது அவர் கட்சி. "அப்புறம் அவங்களே ஒவ்வொண்ணா கீழ போட்டுட்டு வர்றாங்க. நான் எதையும் பிடுங்கறதில்லை. விழறதை எழுதிக்கறேன், அவ்ளோதான்."

வீட்டிலும் இதே கணக்குதான். அவர் மனைவி ஒருநாள் என்னிடம் முறையிட்டார். "கல்யாணம் ஆன புதுசுல, எனக்கு எத்தனை மார்க்னு விளையாட்டா கேட்டேன். நல்லா யோசிச்சுட்டு எண்பத்தொண்ணுன்னார். அந்தப் பத்தொம்பது எங்க போச்சுன்னு முப்பது வருஷமா கேக்கறேன். வாயைத் திறக்க மாட்டேங்கறார்." இவர் அப்போது செய்தித்தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஓட்டுநர் தேர்வில் அறுபதுக்குக் கீழே போனால் தோல்வி. ஆனால் அறுபது வரை போகாமலே தோற்கவும் ஒரு வழி இருக்கிறது. தேர்வு நடக்கும் சாலையில் ஓர் இடத்தில் பழைய லாரி ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருக்கும். கார் அதை நெருங்கும் சமயம் பார்த்து, லாரிக்குப் பின்னாலிருந்து துணிப்பையோடு ஒருவர் நிதானமாகச் சாலையில் இறங்கி நடப்பார். அவர் அலுவலக உதவியாளர். தேர்வு நாட்களில் அதுதான் அவர் வேலை. பெயர் பைக்காரர். பதினாலு வருடமாக ஒரே பையோடு ஒரே இடத்தில் குறுக்கே நடக்கிறார். ஊருக்கே இது தெரியும். பயிற்சிப் பள்ளியில் முதல் பாடமே பைக்காரர்தான். அப்படியும் பாதிப் பேர் அவரைப் பார்ப்பதில்லை.

பைக்காரரைப் பார்க்காதவருக்கு மைனஸ் சார் மார்க் கழிப்பதில்லை. தாளின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை ஒரே கோடாக இழுப்பார். பிறகு சாவிக்காகக் கையை நீட்டி, "இறங்கி இந்தப் பக்கம் வாங்க," என்பார். தோற்றவர் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். அலுவலகம் வரை இவரே ஓட்டி வருவார்.

அந்த இருக்கையில் நான் மூன்று தடவை வந்திருக்கிறேன். மூன்றாம் தடவை அழுகையே வந்துவிட்டது. அன்று கியர் மாற்றியது எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்திருந்தது. அவரும் அதை ஒப்புக்கொண்டார். "கண்ணாடி பார்த்தீங்க. கை காட்டினீங்க. வேகமும் சரி. ஒரு ஆளைத்தான் பாக்கலை." பைக்காரர்தான் துள்ளிப் பின்வாங்கிவிட்டாரே, ஒன்றும் ஆகவில்லையே என்று நான் வாதாடினேன். "அது அவர் சாமர்த்தியம். அதுக்கு உங்களுக்கு லைசென்ஸ் குடுக்க முடியுமா?" என்றார். அதோடு நான் ஆசையை விட்டுவிட்டேன். கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அவர் காரின் பின் இருக்கையில் போய் வருகிறேன்.

முன் இருக்கையில் அவர் பக்கத்தில் உட்காருவது அவருடைய மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊர் முழுக்க வேன் ஓட்டிப் போய் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வருகிறாள். சொந்தப் பெண்ணுக்கு அப்பா தேர்வு வைக்கக்கூடாது என்பதால் வேறோர் அலுவலகத்தில் உரிமம் வாங்கினாள், முதல் தடவையிலேயே. அது ஆகி நாலு வருடம். இதுவரை அப்பாவின் காரை அவள் தொட்டதில்லை. ஒருநாள் நான் காரணம் கேட்டேன். "அவ நல்லாத்தான் ஓட்டுவா. ஆனா நான் பக்கத்துல உக்காந்தா மார்க் போடாம இருக்க முடியாது. பெத்த பொண்ணுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?" என்றார். அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அதுதான்.

நூலக அரங்கில் மாதம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் திரைப்பட வட்டம் கூடும். அவர் மகளையும் சேர்த்து நாற்பது பேர். படம் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டில் நூற்றுக்கு எத்தனை என்று எழுதிப் போட வேண்டும். விரும்பினால் காரணமும் எழுதலாம். சராசரி ஐம்பதுக்குக் கீழே போனால் அந்தப் படம் பட்டியலிலிருந்து போய்விடும், திரும்ப வராது. விதிகளை எழுதியவர் மைனஸ் சார். சீட்டுகளைப் பெயர் சொல்லாமல் உரக்கப் படிப்பவரும் அவரே. தன் சீட்டை மட்டும் கடைசியில் போடுவார்.

குதிரைப் படை படம் வருடம் ஒருமுறை வரும். நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மலைகளுக்கு அப்பால் ஒரு கோட்டையில் எல்லாருக்கும் காய்ச்சல். கேப்டனும் பதினோரு சிப்பாய்களும் மாவும் மருந்தும் கொண்டுபோகிறார்கள். அந்த மலைகளின் ஜனங்கள் தூரத்து உச்சிகளில் நிழல் நிழலாக நின்று பார்க்கிறார்கள். கடைசியில் மருந்து போய்ச் சேர்கிறது. அவ்வளவுதான் கதை. பல் மருத்துவர் இதற்குத் தொண்ணூறு போடுவார். ஐந்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவதால் எல்லாப் படத்துக்கும் அவர் தொண்ணூறுதான். தையல்கார அம்மாள் முப்பதைத் தாண்ட மாட்டார். "மூணு நாளா புழுதியில வர்றாங்க, காலர் வெள்ளை வெளேர்னு இருக்கு. யாரை ஏமாத்தறாங்க?" மைனஸ் சார் எழுபத்தெட்டு. வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதற்கு ஐந்து போயிற்று. காதல் காட்சிக்கு நாலு. தேவையில்லாத இடத்தில் நிறுத்தியதாகக் குறிப்பு. பன்னிரண்டு பேரின் பெயரும் அவருக்கு மனப்பாடம். குதிரைகளின் பெயரும்தான். மனைவிக்கு அடுத்தபடி அவர் அதிக மார்க் கொடுத்தது இந்தப் படத்துக்குத்தான்.

போன மாதம் அந்தப் படம் முடிந்ததும் சீட்டுகளை வழக்கம்போல் படித்துக்கொண்டே வந்தார். சில வருடங்களாகவே சராசரி இறங்கிக்கொண்டு வந்தது. அன்று ஒரு சீட்டை எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அதே குரலில் படித்தார். "மலையும் ஆறும் யாருடையதோ, அவர்களுக்குப் படத்தில் ஒரு வசனம்கூட இல்லை. பூஜ்யம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

"பூஜ்யம் செல்லாது. கை காட்டினதுக்கே பத்து உண்டு," என்றார்.

மகள் எழுந்தாள். "பூஜ்யம் கூடாதுன்னு விதியில இருக்காப்பா?"

"இல்லை."

"அப்ப செல்லும். பன்னண்டு பேர் பேரும் சொல்றீங்க, குதிரை பேருகூடச் சொல்றீங்க. அந்த ஜனங்கள்ல ஒருத்தர் பேர் சொல்லுங்க பாப்போம்."

"அவங்க தூரத்துல இருக்காங்கம்மா. புள்ளி புள்ளியா."

"ஆத்துல கிட்டத்துலதானே இருக்காங்க?"

"ஆத்துல யாரும் இல்லை."

பத்தொன்பது தடவை பார்த்தவர் சொன்னால் யார் மறுப்பது? எனக்கும் ஆற்றில் யாரையும் பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் அவள் உட்காரவில்லை. அதற்குள் பல் மருத்துவர் கணக்குப் போட்டுவிட்டார். முப்பத்தொன்பது சீட்டுக்குச் சராசரி நாற்பத்தொன்பதரை. மைனஸ் சாரின் எழுபத்தெட்டு விழுந்தால் படம் ஐம்பதைத் தொட்டுப் பிழைத்துவிடும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனா மூடியை மட்டும் திறந்து திறந்து மூடினார். அந்தப் படத்தை அவர் எத்தனை ஆசையாக வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர் எழுதிய விதி ஒன்று உண்டு. யாரும் இதுவரை கேட்டதில்லை. அன்று அவரே நூலகர் அம்மாளிடம், "ஆத்தைக் கடக்கிற இடத்தைப் போடுங்கம்மா," என்றார்.

குதிரைகள் பாய்ந்து ஆற்றில் இறங்குகின்றன. தண்ணீர் வெள்ளையாகச் சிதறுகிறது. கேப்டனின் தொப்பி நடுவில் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் வருடா வருடம் பார்த்தது அந்தத் தொப்பியைத்தான். திரையின் ஓரத்தில் ஏழெட்டுப் பேர் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. அவளுக்குப் பின்னால் மூட்டையோடு ஒரு வயதான அம்மாள். குதிரைகள் அவர்களுக்கு நடுவே புகுந்து போகின்றன. அம்மாள் துள்ளிப் பின்வாங்க, மூட்டை தண்ணீரில் விழுகிறது. அவர் குனிந்து அதைத் தேடுகிறார். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் நாலு நொடி. அடுத்த காட்சியில் கேப்டன் கையை உயர்த்துகிறார், குதிரைகள் ஒரே கோட்டில் நிற்கின்றன.

மைனஸ் சாரின் கால் கம்பளத்தை அழுத்தியது. மேலே வரவில்லை.

"இன்னொரு தரம்," என்றார். பிறகு இன்னொரு தரம். மூன்றாவது தடவை தொப்பியை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பல் மருத்துவர், "யாருங்க அந்தம்மா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

விளக்குகள் எரிந்ததும் மைனஸ் சார் தன் சீட்டை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். எண் எழுதவில்லை. மூலையிலிருந்து மூலைக்கு ஒரே கோடாக இழுத்தார். மடித்துப் பல் மருத்துவரிடம் கொடுத்தார்.

"இதை எத்தனைன்னு எடுத்துக்கறது?"

"பூஜ்யம்னு போட்டுக்கங்க, டாக்டர்."

சராசரி நாற்பத்தெட்டு. அதை அவரே எழுந்து அறிவித்தார், வழக்கமான குரலில். படத்தின் பெயரைப் பட்டியலில் அடித்தார். அடிப்பதற்கு அளவுகோல் வைத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது மகள் அவர் பக்கத்திலேயே நடந்தாள். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்கு ஜெயித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "நான் படத்தைத்தான் சொன்னேன்ப்பா," என்றாள்.

"தெரியும்மா."

காரில் ஏறினோம். நான் பின்னால், அவள் முன்னால், அவர் ஓட்டுநர் இருக்கையில். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். சாவியைப் பொருத்தினார். திருப்பவில்லை. நடுப்பகல் வெயிலில் நூலகக் காவலாளி கேட்டைச் சாத்த எங்களுக்காகக் காத்திருந்தார்.

"பத்தொம்பது தடவை," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி.

"விடுங்கப்பா. யாருமேதான் பாக்கலை."

அவர் பெல்ட்டை அவிழ்த்து, சாவியை உருவிக்கொண்டார். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். காரைச் சுற்றிக்கொண்டு வந்து மகள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கி அந்தப் பக்கம் போம்மா," என்று சாவியை நீட்டினார்.