மச்சத்துக்கு அடித்த டை

1

நான் ஒரு தோல் ஆஸ்பத்திரியில் கேமரா பிடிக்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்று, கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவனை மருதமலை முருகன் இங்கே கொண்டுவந்து விட்டான். இங்கே என் கையில் இருப்பது டெர்மாஸ்கோப். மச்சத்தின் மேல் வைத்தால், வெட்டாமலே தோலுக்குள் நிறம் எப்படி ஓடுகிறது என்று பெரிதாகக் காட்டும். அதில் சந்தேகம் வந்தால்தான் டாக்டரம்மா கத்தியை எடுப்பார். வெட்டிய துண்டு பயாப்சி என்கிற பரிசோதனைக்கு லேபுக்குப் போகும்.

கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பொன்னுசாமி ஒரு நாள் சம்சாரம் சரஸ்வதியோடு வந்தார். வலது உள்ளங்காலில் மச்சம். பட்டறை போட்ட வருஷம் வந்ததாம். அது வந்த பிறகுதான் யோகமாம்.

"காமிக்கத்தானுங்க வந்தேன். கத்தி கித்தி வேண்டாமுங்க. அது போனா பட்டறையும் போயிருமுங்க."

"போட்டோதானுங்க. மாப்பிள்ளைகளை எடுத்த கைங்க, அழகா வரும்" என்று காலைப் பிடித்தேன்.

படம் வந்தது. உள்ளங்காலில் கைரேகை போல மேடும் பள்ளமும் உண்டு. சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். இவருக்கு மேட்டில் ஓடியது, கன்னங்கரேலென்று. கெட்டதற்கு அது ஒரு அடையாளம். படத்தை டாக்டரம்மா பக்கம் திருப்பினேன்.

"மெலனோமான்னு ஒரு தோல் புத்துநோய் இருக்குங்க. அதுவா இருக்கலாம். எடுத்துப் பாக்கோணும்" என்றார் டாக்டரம்மா.

பொன்னுசாமி செருப்பைத் தேட ஆரம்பித்தார். "கேமராவே எல்லாத்தையும் சொல்லுதுன்னா கத்தி எதுக்குங்க?"

"கேமரா சந்தேகந்தான் படும். முடிவு சொல்றது லேப்" என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் சரஸ்வதி வாயைத் திறந்தார். "ஏனுங்க, அதையும் சொல்லிப்போடுங்க."

"எதை?"

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

பொன்னுசாமி மின்விசிறியைப் பார்த்தார். அந்தம்மாவே சொன்னார்: "மச்சம் ஒரு பக்கம் வெளுத்துட்டே வருதுன்னு, மீசைக்கு அடிக்கற டையை அதுக்கும் அடிக்கறாருங்க, டாக்டரம்மா. ரெண்டுக்கும் ஒரே பிரஷ்ஷுங்க."

"மொதல்ல மீசைக்குத்தான் அம்மணி!" என்றார் பொன்னுசாமி, மானம் காக்க.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். டை மேட்டில் பிடித்துக்கொண்டால் படத்தில் அசல் கெட்ட மச்சம் மாதிரியே விழுமாம்.

2

"அப்ப டைதானுங்க. நான் கெளம்பறேன்."

சரஸ்வதி கதவை மறித்து நின்றார். டாக்டரம்மாவும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அது தானா வெளுத்துச்சுன்னு சொன்னாங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. கெட்ட மச்சமும் சிலது அப்படி ஒரு பக்கம் வெளுக்கும்."

மேலே இருந்த செத்த தோலை பிளேடால் மெல்லச் சுரண்டினார். கறுப்பு துகள்துகளாக வந்தது. மறுபடியும் லென்ஸை வைத்தேன். முக்கால்வாசிக் கோடுகள் போயிருந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் போகவில்லை. அதே மேட்டில், வெளுத்த இடத்தை ஒட்டி நின்றது.

"இது டை இல்லைங்க" என்றார் டாக்டரம்மா.

பொன்னுசாமிக்கு முகம் வேர்த்தது. அப்போதும், "யோகமுங்க அது" என்று முனகினார்.

"மச்சம் இல்லாம நீங்க லேத் ஓட்டுவீங்க. நீங்க இல்லாம மச்சம் ஓட்டுமுங்களா?" என்றார் சரஸ்வதி. பொன்னுசாமி காலை நீட்டினார்.

மச்சத்தை முழுசாக எடுத்து லேபுக்கு அனுப்பினோம். ரிப்போர்ட் வரும்வரை தினம் விளக்கேற்றும்போது பொன்னுசாமி பேரையும் சொன்னேன். வந்தது மெலனோமாதான். ஆனால் மேல்தோலோடு நின்றிருந்தது, உள்ளே இறங்கவில்லை. சுற்றி இன்னும் கொஞ்சம் தோலை எடுத்தார்கள். அத்தோடு வைத்தியம் முடிந்தது. மருதமலைக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினேன்.

3

செக்கப்புக்கு வந்த பொன்னுசாமி என் காதோரம் கேட்டார்: "அந்தத் துண்டு இப்ப எங்கீங்க?"

"லேப்ல மெழுகுக்குள்ள பதிச்சு வெச்சிருக்காங்க."

"ஆயுத பூஜைக்கு மட்டும் ஒரு நாளு குடுப்பாங்களா?"

பின்னால் சரஸ்வதி தொண்டையைச் செருமினார். "சும்மா கேட்டேன் அம்மணி."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கேமரா சந்தேகத்தைச் சொல்லும், லேப் முடிவைச் சொல்லும். மச்சத்துக்கு வீட்டில் என்ன பூசினார்கள் என்று கேமரா சொல்லாது. அதனால் லென்ஸை வைக்கும் முன் துடையுங்கள். மருதாணியா, மையா, டையா என்று கேளுங்கள். இல்லவே இல்லை என்பார்கள். அப்போது வெளியே உட்கார்ந்திருக்கும் சம்சாரத்தை உள்ளே கூப்பிடுங்கள்.