அக்கா பவுடர் தூவி வைத்த நெகட்டிவ்

ஸ்கேனரில் தூசி நீக்கும் பொத்தானை நான் அழுத்தியதும் திரையில் அக்காவின் கண்ணும் மூக்கும் கரைந்து, முகம் இட்லி மாவு போல ஆகிவிட்டது. உள்ளே கிடக்கும் நெகட்டிவிலிருந்தும் அக்கா அழிந்துவிட்டார் என்றே நான் நம்பினேன். பேரன் எடுத்தவன் நான்; ஆனாலும் ஸ்கேனர் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, "கரண்ட நிறுத்து புள்ள, மிச்சமும் போயிரும்!" என்று அலறினேன்.

அக்காவின் மகள் கோமதி அசையவில்லை. "ஏனுங் மாமா, நீங்க அமுக்கற அமுக்குல கண்ணாடிதான் ஒடையும். நெகட்டிவுக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றாள். அது கலர் பிலிமுக்கான பொத்தானாம். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவமே வெள்ளித் துகள்தான். இயந்திரம் அதையும் அழுக்கென்று எண்ணி வழித்துவிடுமாம்.

அந்த நெகட்டிவுக்காக நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் அக்கா மீனாட்சிபுரத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பாலில்தான் நான் படித்தேன். எழுபதுகளில் மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டு, மலைமேல் உள்ள சித்திரபுரம் மின்வாரியக் குடியிருப்புக்குப் போனார். மலைக் குளிர் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஊரிலிருந்து கிளம்பிப் போய் வாரக்கணக்கில் உட்கார்ந்து தின்ற எங்களைத்தான் அவர் தாங்க வேண்டியிருந்தது. ஒருவரையும் முகம் சுளித்து அனுப்பியதில்லை.

கடைசியில் தாடையில் புற்று வந்தது. அறுவைக்குப் பிறகு முகம் ஒரு பக்கம் ஒடுங்கிவிட்டது. நான் போனால்கூட முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டுதான் பேசுவார். நானும் சுவரைப் பார்த்து ஏதாவது கோமாளித்தனம் பண்ணுவேன். முந்தானைக்குள் தோள் குலுங்கும். சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, கண்ண மூடுனா ஆஸ்பத்திரி மொகந்தான் வருது. அதுக்கு முந்தி அவ எப்புடி இருந்தான்னு நெனப்புக்கே வர மாட்டீங்குது. ஒரு படம் எடுத்துக் குடு" என்றார்.

ஆல்பத்துப் படங்களெல்லாம் மலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்திருந்தன. மிஞ்சியது ஒரே நெகட்டிவ். கல்யாணமான புதிதில், குடியிருப்பு வாசலில், மச்சானின் நண்பர் எடுத்தது. அதுவும் ஒட்டிவிடக் கூடாதென்று அக்கா கேரம் போர்டுக்குத் தூவுவது போல முகப் பவுடரைத் தூவி வைத்திருந்தார். நெகட்டிவில் ஒட்டிய துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். முதல் தடவை ஸ்கேன் செய்தபோது அக்கா அம்மை போட்டவர் போலத் தெரிந்தார். தூசி நீக்கும் பொத்தானும் பலிக்காமல் போக, நான் நெகட்டிவை வெளியே எடுத்து வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்தேன். பவுடர் நறநறவென்று இழுபட்டுப் புதிதாக நாலு கீறல் விழுந்தது.

"தொடச்சுப்போட்டீங்களா! இனி நீங்க மூச்சுக்கூட விடாதீங்க" என்று கோமதி என்னைத் தள்ளி உட்காரவைத்தாள். ரப்பர்க் குமிழால் ஊதினாள். மெல்லிய தூரிகையால் வருடினாள். பவுடர் பறந்தது. அக்கா கையால் போட்டது அது.

பிறகு ஸ்கேன் செய்து, திரையில் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாக அடைத்தோம். கன்னத்தில் ஒரு கோடு. அதையும் அழிக்கப் போனேன். கோமதி தடுத்து, நெகட்டிவை விளக்கில் சாய்த்துக் காட்டினாள். கீறலென்றால் மின்னும், அது மின்னவில்லை. "அம்மா சிரிக்கறாங்க மாமா" என்றாள். அதற்குமேல் அன்று வேலை ஓடவில்லை.

அக்காவுக்குக் கஞ்சி கரைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், நினைத்த நேரத்தில் மருத்துவமனைக்கு வண்டி எடுத்த தம்பிமாருக்கும், மீனாட்சிபுரத்திலிருந்தும் சித்திரபுரத்திலிருந்தும் வந்து கடைசிவரை நின்ற சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அக்காவுக்காக நாங்கள் அச்சிடும் இந்த நினைவு மலரின் முகப்பில் இருப்பது அந்தப் படம்தான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அதைப் பெரிதாகப் போட்டு மச்சான் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "அவளேதான்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப வருதுங்களா மச்சான்?"

"இல்ல மாப்ள. அந்த ஆஸ்பத்திரி மொகந்தான் வருது."