இரவல் கிடா

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. பிரேக் இல்லாத சைக்கிள் மாதிரி, எதிலாவது போய் முட்டித்தான் நிற்கும். அவளுடைய கல்யாணத்தன்று மூன்றாவது முடிச்சைப் போட வந்த நாத்தனார் அன்னக்கொடி, அவசரத்தில் தன் கண்ணாடி வளையலையும் சேர்த்து முடிந்துவிட்டுக் கையை எடுக்க முடியாமல் தவித்தாள். மணமகள் மணையிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஊர் முகம் சுளித்தது. நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். அன்று விழுந்த முடிச்சு இருவருக்கும் நடுவில் கடைசிவரை அவிழவில்லை.

மாப்பிள்ளை மலையாண்டி கப்பலூரில் ஒரு போல்ட் பட்டறையில் லேத் ஓட்டும் கடைசல்காரர். வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஜெயக்கொடி வீட்டிலிருந்தபடியே கம்பெனிக்கு அப்பளம் தேய்த்துக் கொடுத்தாள். எண்பதாம் வருடம் பிறந்ததும் எல்லாம் ஏறத் தொடங்கியது. விலைவாசிக்கும் அவள் சிரிப்புக்கும் நேர் விகிதம்.

அரிசி ஏறியது, கஞ்சியில் தண்ணீர் ஏறியது. எண்ணெய் ஏறியது, தோசைக்கல்லைப் பாதி வெங்காயத்தால் துடைத்தாள். வெங்காயமும் ஏறியது, அதே பாதி வெங்காயம் ஒரு வாரம் கல்லைத் துடைத்தது. பஸ் கட்டணம் ஏறியதும் மலையாண்டி கப்பலூருக்குச் சைக்கிள் மிதித்தார். "காத்து மட்டும் இன்னும் பழைய வெலைக்குத்தான் அடிக்கிறாகளா?" என்று அதற்கும் சிரிப்பு.

ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பக்கத்து இடத்துக்குப் போட்டி இருந்தது. ஒருநாள் காலையிலிருந்து நின்றவர்கள் முகத்துக்கு எதிரே மண்ணெண்ணெய் இல்லை என்று பலகையில் எழுதினார்கள். ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏத்தா, இல்லைன்னு எழுத மட்டும் சாக்பீசு எம்புட்டு இருக்கு பாரு! எண்ணெய்க்குப் பதிலா அதையாவது ஆளுக்கு ரெண்டு குடுக்கச் சொல்லு" என்றாள் ஜெயக்கொடி. காலி டின்களோடு வரிசை குலுங்கியது.

சிரிப்பு வராத ஒரு செய்தி தை மாதம் வந்தது. அன்னக்கொடி அதைச் சொல்ல நேரில் வந்திருந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது செக்கானூரணிக்கு மேற்கே. மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். குழந்தை மலையாண்டியின் மடியில் உட்கார வேண்டும், தாய்மாமன். தாய்மாமன் என்றால் சீர். அந்தக் குழந்தை பிறந்த அன்று மலையாண்டி மகிழ்ச்சியில் ஊர் நடுவே நின்று, "எம் மருமகன் காதுகுத்துக்குக் கிடாயோட வாரேன்!" என்று முழங்கியிருந்தார். அப்போது கிடா, கிடா விலையில் இருந்தது. இப்போது மாட்டு விலையில் இருந்தது.

"அண்ணே, ஒண்ணும் வேணாம். நீயும் மதினியும் வந்தாப் போதும்" என்றாள் அன்னக்கொடி. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் மாமியார் சீனியம்மாளின் வாய் இரண்டு ஊருக்குத் தெரியும். "ஒங்கண்ணன் கிடாயோட வருவானா, கிடா மேல இருக்க உண்ணியோட வருவானா?" என்று தினம் ஒரு தடவை கேட்கிறாளாம். கிடா போகாவிட்டால் அன்னக்கொடி அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

மலையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடியும் வெளியே பார்த்தாள். எதிர் வீட்டு வாசலில் பேயாண்டி தன் கிடாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தான்.

பேயாண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணம் ஆகவில்லை. சம்பாத்தியம் முழுவதும் அந்தச் சண்டைக் கிடாவுக்குத்தான். கொம்பு இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். தெருவில் யாருக்கும் வழி விடாது. கெஞ்சினாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் கலெக்டர் என்று பெயர். கலெக்டரைத் தினமும் காலையில் கண்மாய்க்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவான். பேயாண்டியின் சட்டை சோப்புப் பார்த்து மாதம் ஆகியிருக்கும்.

"தம்பி, கலெக்டரை ஒருநா அனுப்பி வையி" என்றாள் ஜெயக்கொடி.

"எங்கக்கா?"

"மேக்க ஒரு கேம்பு இருக்கு."

விஷயத்தைக் கேட்டதும் பேயாண்டி கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "வெட்டிப்புடுவாகளேக்கா!"

"வெட்ட மாட்டாக. கருப்புக்கு நேந்துவிட்ட கிடா, ஆடியிலதான் வெட்டணும், அதுவரைக்கும் நாங்கதான் வளக்கணும்னு சொல்லிப்புட்டு ஓட்டியாந்துருவோம். நேந்துவிட்டதுமேல எவன் கத்தி வைப்பான்?"

"சாமி பேர்லயா பொய் சொல்றது?" என்றார் மலையாண்டி.

"சாமி நம்ம வீட்டுச் சாமிதானங்க. அரிசி வெல அவருக்குத் தெரியாதா?"

பேயாண்டி ஒரு நிபந்தனை போட்டான். கயிறு அவன் கையை விட்டுப் போகக் கூடாது. அதற்காக அவனை ஒன்றுவிட்ட தம்பியாக்கினார்கள். சீர்த் தட்டுகளுக்கும் அவனே வழி செய்தான். மார்க்கெட்டில் கழித்துப் போட்ட சேனைக்கிழங்கு கொண்டுவந்தான். ஜெயக்கொடி தாம்பாளங்களில் அடியில் கிழங்கை அடுக்கி, வாழை இலை போட்டு மூடி, மேலே ஒரே ஒரு அடுக்கு ஆரஞ்சும் ஆப்பிளும் பரப்பினாள். வெளியிலிருந்து பார்த்தால் தாம்பாளம் கொள்ளாத பழம். தூக்கினால் கழுத்து நொடிக்கும். "சீர் கனமாத்தான் இருக்கு" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

அன்று மேளம் முன்னால் போக, கழுத்தில் மாலையோடு கலெக்டர் ஊருக்குள் நடந்தார். பார்க்க ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. வெடிச் சத்தத்துக்குக்கூடக் கலெக்டர் திரும்பவில்லை. "அடேயப்பா, கிடாயா கன்னுக்குட்டியா?" என்றார்கள். அன்னக்கொடி கூட்டத்தின் முன்னால் நின்றாள். தலை நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்த மலையாண்டிக்கு நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. பழைய சட்டை.

காதுகுத்து அன்னக்கொடி புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலில். மொட்டை போட்ட குழந்தையை மடியில் வைத்து மலையாண்டி உட்கார்ந்தார். ஆசாரி காது குத்தினார். குழந்தை வீறிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. கத்திக்காரர் வந்து நின்றபோது ஜெயக்கொடி தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"இது கருப்புக்கு நேந்துவிட்டது. ஆடியிலதான்..."

"கருப்புக்கா?" என்றாள் சீனியம்மாள். கையை நீட்டி எதிரே காட்டினாள். அரிவாளும் மீசையுமாக அங்கே நின்றது கருப்பு. "இந்தா நிக்கிறாருல்ல! ஒங்க ஊருக் கருப்பு வேற, எங்க ஊருக் கருப்பு வேறயா? அவருக்கு எதுக்குத்தா ஆடி வரைக்கும் பசி?"

ஜெயக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ சாமி இருக்க, அந்தக் கோயில் எந்தச் சாமியுடையது என்று நினைத்துப் பார்க்காமல் போனாள். முனியாண்டி என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். மடியில் குழந்தையோடு மலையாண்டியால் எழுந்திருக்கவும் முடியவில்லை. பேயாண்டி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

இனி ஒரே ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. கிடா மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம். உதறாத கிடாவை வெட்டக் கூடாது. உதறாத கிடாவை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பூசாரி தெளித்தார். கலெக்டர் நின்றார்.

மறுபடி தெளித்தார். கலெக்டர் காதைக்கூட ஆட்டவில்லை.

"சொம்போட ஊத்துங்கப்பா" என்றார் ஒருவர். சொம்போடு ஊற்றினார்கள். பிறகு குடத்தோடு ஊற்றினார்கள். முதுகிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிய, கலெக்டர் சுகமாகக் கண்ணைச் சொருகினார். தினமும் கண்மாயில் நடப்பதுதானே இது! இன்று என்ன, சோப்பைக் காணோம்? யோசித்துப் பார்த்துவிட்டு, முன்னங்கால் ஒன்றை மெதுவாகத் தூக்கி, அக்குளில் தேய்த்துவிட வசதியாகப் பேயாண்டி பக்கம் நீட்டினார்.

பேயாண்டியின் கை பழக்கத்தில் தானாகத் தேய்க்கப் போனது.

ஜெயக்கொடி பார்த்துவிட்டாள். பல்லைக் கடித்தாள். முந்தானையை வாயில் திணித்தாள். இரண்டும் உதவவில்லை. கோயிலே அதிரும்படி ஒரு சிரிப்பு வெடித்தது. நிற்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்தாள். கொண்டை அவிழ்ந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. உடம்பு முழுவதும் உதறியது. கிடா உதற வேண்டியதை எல்லாம் அவளே உதறினாள்.

"அருளு வந்துருச்சுடோய்!" என்று ஒரு கிழவி கத்தினாள். மேளம் வேகம் பிடித்தது. பூசாரி ஓடிவந்து நெற்றி நிறையத் திருநீறு அப்பினார்.

"வந்திருக்கிறது யாரு? வாய் தொறந்து சொல்லு!"

திறந்த வாய் மூடவில்லை. வார்த்தைதான் வரவில்லை.

"கிடா வேணுமா, வேணாமா?"

சிரிப்பில் தலை ஆடியது. அது மேலும் கீழுமா, இடமும் வலமுமா என்று அளக்க அங்கே கருவி இல்லை. பூசாரி கிடாவைப் பார்த்தார். அது இன்னும் காலைத் தூக்கிக்கொண்டே நின்றது. "கருப்புக்கு வேணாமாம்!" என்று தீர்ப்புச் சொன்னார். பேயாண்டி அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் கும்பிட்டது கருப்பையா கலெக்டரையா என்பது தெரியவில்லை.

சீனியம்மாள் மட்டும் ஏமாறவில்லை. ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால் சமையல் நடக்கும் இடத்துக்கு இழுத்துப்போனாள்.

"ஏத்தா, கருப்பு உறுமிக் கண்டிருக்கேன். சிரிச்சுக் கண்டதில்ல. நெசத்தைச் சொல்லு. யாரு வீட்டுக் கிடா?"

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு ஒரே நிமிடத்தில் நின்றது. அன்னக்கொடியின் நிமிர்ந்த தலை கண் முன்னால் வந்தது. "எதுத்த வீட்டுக் கிடா பெரியம்மா. இரவல். அன்னத்தை மட்டும் ஒண்ணும் சொல்லிறாதீக. அவளுக்குத் தெரியாது. அவ அண்ணன் சொன்ன சொல்லு..."

சீனியம்மாள் திட்டவில்லை. அண்டாவின் மூடியைத் திறந்தாள். குழம்பு கொதித்தது. அதில் கறி அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதந்தது.

"ஒம் புருசன் கிடாய நம்பித்தான் கறி பாதி எடுத்தேன்" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. "கறி விக்கிற வெலையில வேற என்ன செய்ய? ஊரைப் பூராம் கூப்பிட்டாச்சு. பந்திக்கு எலை விழுகுது. கிடா வேணாம்னு கருப்புச் சொல்லலாம். கறி வேணாம்னு எவன் சொல்வான்? நாளைக்கு எம் மானம் சந்தி சிரிக்கும்."

இருவரும் அண்டாவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யாருடைய உதடு துடித்தது என்று பின்னால் இருவருமே வாதாடியதுண்டு. சீனியம்மாள் கரண்டியோடு அடுப்படியில் சாய்ந்து சிரித்தாள். அவள் சிரித்துக் காணாத சமையல்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

"பெரியம்மா, சீர்த் தட்டுக எங்க?"

"எதுக்கு? கறிக் கொழம்புல ஆப்பிளப் போடப் போறியா?"

"அடியில பாருங்க."

வாழை இலையை விலக்கிப் பார்த்த சீனியம்மாள் வாயில் கை வைத்தாள். "அடிப்பாதகத்தி! இம்புட்டும் சேனைக்கிழங்கா!"

இரண்டு பெண்களும் உட்கார்ந்து கிழங்கைத் தோல் சீவினார்கள். கை அரித்தது. புளித்தண்ணீரில் அலசிக் கறித்துண்டு அளவுக்கு வெட்டினாள் ஜெயக்கொடி. ஒரே ஈரல் துண்டை ஒரு குடும்பத்துக்குப் பரிமாறிப் பழகிய கை. துண்டுக்குத் துண்டு வித்தியாசம் தெரியவில்லை. எண்ணெயில் முறுக வதக்கி, மிளகும் சோம்பும் தட்டிப் போட்டு அண்டாவில் சரித்தார்கள். குழம்பிலிருந்த எலும்புச் சாறு கிழங்குக்குள் இறங்கியது.

பந்தியில் ஒரு பெரியவர் மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார். "கறின்னா இது கறி. வெண்ணையாட்டம் கரையுது. எளங்கிடா." பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாண்டிக்குப் புரையேறியது. அன்னக்கொடி ஓடிவந்து அண்ணன் தலையில் தட்டினாள். சீனியம்மாள் ஊர் கேட்க மருமகளிடம் சொன்னாள்: "நல்லாத் தட்டுத்தா. ஒங்கண்ணன் கொண்டாந்தது கருப்பே தொடாம உசுரோட விட்ட கிடா. அதைக் கட்டி வச்சா நம்ம வீட்டுக்கு ஆகாது. கையோட ஓட்டிட்டுப் போகச் சொல்லு. இனி ஒம் பெறந்த வீட்டை எவளாச்சும் பேசட்டும், நான் பாத்துக்கிறேன்." அதுவரை பேசிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

திரும்பும்போது கண்டக்டர் கிடாவுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "கலெக்டருக்கே டிக்கெட்டா?" என்றாள் ஜெயக்கொடி. செக்கானூரணியிலிருந்து மதுரை வரை பஸ் சிரித்தது. கலெக்டர் தன் மாலையைப் பூ மிச்சமில்லாமல் தின்று முடித்தார்.

விலைவாசி அதற்குப் பிறகும் இறங்கவில்லை. காலி டின்களோடு வரிசைகள் நின்றன. அடுத்தடுத்த வருடங்களில் செக்கானூரணிப் பக்கமிருந்து வருகிறவர்கள் கையில் சீனியம்மாள் பயறோ மொச்சையோ கொடுத்துவிடுவாள். ஜெயக்கொடி மேல் அடுக்கு நல்ல அப்பளமும் கீழே உடைந்த அப்பளமுமாகக் கட்டி அனுப்புவாள். அங்கே மாமியாரும் மருமகளும் அவிழ்த்துப் பார்த்து, இரவல் கிடாக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

எண்பத்தொன்பது மாசியில் ஜெயக்கொடி இறந்தாள். காய்ச்சல் என்றார்கள், பிறகு இருதயம் என்றார்கள். சீனியம்மாள் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தாள். அன்னக்கொடி பிடித்து உட்காரவைத்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து சீனியம்மாள் ஒப்பாரி எடுத்தாள். பெத்த மகளே என்றாள், பெருமைக்குச் சீர் கொண்டுவந்தவளே என்றாள், கனத்த தட்டெடுத்துக் கருப்பு வாசல் வந்தவளே என்றாள். அடுத்த அடியில் கிடா வர வேண்டும். வாய் திறந்தாள். குரல் வரவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அன்னக்கொடி அவளைக் கட்டிக்கொண்டாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் தோள் குலுங்கியது.

சாவு வீட்டில் சிரிப்பு வெளியே கேட்டது. யாரும் அதட்டவில்லை. வாசலில் நின்ற பேயாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.