முந்திச் செலுத்திய நன்றி

கிணற்றில் நீர் இறைக்கும் மனைவியின் இடக்கைக் கட்டைவிரலை விட்டுக் கண்ணெடுக்காமல் நிற்பது, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பருவம் முழுவதும் என் காலைக் கடமையாக இருந்தது. அவ்விரல் தானாகவே உள்ளங்கைக்குள் மடங்கினால் அவளுக்கு வலிப்பு வரப்போகிறது என்று பொருள். விரல் மடங்குவதற்கும் அவள் விழுவதற்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு வாங்கும் பொழுதுதான் கிடைக்கும். எங்கள் கிணற்றின் சுற்றுச்சுவரோ அவள் இடுப்புக்கும் கீழே நின்றது.

உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகும் பெருவழியை விட்டு, ரப்பர் மரங்களுக்கிடையே இறங்கும் செம்மண் பாதையில் எங்கள் வீடு இருந்தது. நான் அருகிலிருந்த பள்ளியில் தமிழ் கற்பித்தேன். மகள் பிறந்த மறு ஆண்டில் மனைவிக்கு இந்நோய் கண்டது. திருவனந்தபுரத்து மருத்துவர் ஒருவர் காலையும் மாலையும் விழுங்க மாத்திரை கொடுத்தார். அதனால் வலிப்பு குறைந்ததே தவிர ஒழியவில்லை. சில மாதங்கள் ஒளிந்திருந்துவிட்டு, சமையலறையிலோ பேருந்து நிறுத்தத்திலோ அவளைக் கீழே தள்ளும். மருத்துவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார்: மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும்.

அந்த மருந்தைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள்.

அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்ல எங்கள் திருச்சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மகப்பேறு, தேர்வில் வெற்றி, நோய் நீக்கம் என்று எந்த நன்மை கிடைத்தாலும் அவ்வீட்டார் ஆலயத்தில் தோத்திரக் காணிக்கை படைப்பார்கள். இன்ன நன்மைக்காக இன்ன வீட்டார் நன்றி செலுத்துகிறார்கள் என்று சபைச் செயலர் அறிவிப்பார். காணிக்கை கோழியாகவோ வாழைக்குலையாகவோ மரச்சீனிக் கிழங்காகவோ இருந்தால், ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் போடுவார்கள். ஏலம் கேட்பதற்குச் சபை வேறுபாடோ சமய வேறுபாடோ கிடையாது.

வெள்ளறடையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் மனைவியின் அக்காள் அங்கே ஒரு செபக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். நன்மை கிடைத்தபின் நன்றி சொல்வது எல்லாரும் செய்வது. கிடைக்குமுன் சொல்வதே மெய்யான விசுவாசம் என்பது அங்கே கற்பித்த பாடம். அவளுடைய மகன் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது அவள் அப்படியே செய்தாள், பிள்ளை பிழைத்தான். ஆகவே அவள் சொன்னதில் கள்ளமில்லை. தான் கண்டதையே தங்கைக்கும் கொடுக்க வந்தாள்.

"வாற ஞாயிறு ஸ்தோத்திர காணிக்கை கொடுப்போம். தீனம் மாறிப்போச்சுன்னு சபையில வாசிக்கட்டு. ஸ்தோத்திரம் முந்தணும் பிள்ளே, சுகம் பின்னால வாறதாக்கும்" என்றாள்.

"மாறாத நோயை மாறிவிட்டதென்று ஆலயத்தில் எப்படிச் சொல்வது?" என்று நான் கேட்டேன்.

"சார் பள்ளிக்கூடத்தில பரீட்சை எழுதினாத்தான் மார்க்கு போடுவீங்க. தெய்வம் சாரப் போல வாத்தியார் இல்ல."

என் மனைவி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் அவள் முகத்தில் தெரிந்த ஆசையைக் கண்டபின் நான் வாதத்தை விட்டுவிட்டேன். விழுந்து எழும் ஒவ்வொரு முறையும், சுற்றி நிற்பவர்களின் கால்களைத்தான் முதலில் காண்பதாக ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள். அந்தக் கால்களிடமிருந்து விடுதலை வேண்டும் என்பதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறன்று அக்காள் தன் தோப்பிலிருந்து ஓர் ஏத்தன் வாழைக்குலையைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்தாள். குலை இன்னும் விளையவில்லை. காய்கள் உருண்டு திரளாமல் விளிம்பு விளிம்பாக இருந்தன. நாள் குறித்தாயிற்றென்பதால் வெட்டிவிட்டாள். செயலர் அறிவித்தார்: நெடுநாள் நோயிலிருந்து சுகம் பெற்ற சகோதரியின் காணிக்கை. பெண்கள் பக்கத்திலிருந்து தோத்திரம் என்ற குரல்கள் எழுந்தன. என் மனைவி தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

முற்றத்தில் ஏலம் கூவிய சபை மூப்பர் குலையை உயர்த்திப் பிடித்தார். "சுகம் கிட்டின குலையாக்கும் மக்கா, கொறச்சுக் கேக்காதீங்க!"

"தீனம் மாறினது ஆளுக்குத்தானே மூப்பரே? குலைக்கு இன்னும் மாறல்லபோல இருக்கே!" என்றது ஒரு குரல்.

"எலே, வாயப் பொத்திட்டு விலையச் சொல்லு."

சந்திப்பில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் இறுதியில் அதை எடுத்தார். அவர் இந்து; ஆயினும் எங்கள் ஏலத்துக்கு மூப்பரைவிட ஒழுங்காக வருபவர்.

அன்று மாலை மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"காணிக்கையும் கொடுத்துப்போட்டு பின்னையும் குளிகை தின்னா, கர்த்தர கள்ளம் பறஞ்சவராக்குதது போல அல்லியா?"

"மருந்தும் அவர் கொடுத்ததுதான்."

"அது நேற்றைக்கு. இண்ணைக்கு சபைக்கு முன்ன வாக்கு விட்டாச்சு." பிறகு தணிந்த குரலில், "பயமில்லாம ஒரு நாளு கிணற்றில வெள்ளம் கோரணும் எனக்கு" என்றாள்.

மாத்திரை அட்டையை என் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு அது தெரியும். "வச்சிரியுங்க. எடுத்து நீட்டாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பின்வந்த நாள்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. பாத்திரம் உருண்டால் நான் அடுத்த அறையிலிருந்து ஓடிவருவேன். வழியில் கண்ட பெண்களெல்லாம் "சுகமல்லியா பிள்ளே?" என்று கேட்டார்கள், "சுகம், ஸ்தோத்திரம்" என்று அவள் விடை சொன்னாள். விடை சொல்லச் சொல்ல, பின்வாங்கும் வழி ஒடுங்கிக்கொண்டே வந்தது. நலம் நீடித்த ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சான்றாயிற்று. எனக்கோ, அடுத்த நாளின்மேல் பாரத்தை ஏற்றிவைத்தது. ஆண்டவர் நோயை நீக்க வல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் நீக்கியே தீரவேண்டுமென்று நாங்கள் ஊரறிய நாள் குறித்துவிட்டோமே என்பதுதான் என்னை அச்சுறுத்தியது. அடியவன் கேட்கலாம், ஆண்டவருக்கு ஆணையிட அவனுக்கு ஏது உரிமை? ஆயினும் இதை அவளிடம் சொன்னால், அவள் பிடித்து நடந்த ஒரே கைத்தாங்கலை நான் பறிப்பதாகாதா என்றும் தோன்றியது.

ஒரு மாலை தேநீர்க்கடைக்காரர் வேலியோரம் நின்று குறைகூறினார். "சாரே, அந்த குலை சதிச்சுப்போட்டு. பழுக்கட்டும்னு கட்டித் தூக்கினேன். பழுக்கல்ல கேட்டேளா, தொலி கறுத்து அப்படியே வாடிப்போச்சு. விளஞ்சு மூக்காத குலைய எதுக்கு வெட்டினாங்களோ!"

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி கை ஓய்ந்து நின்றாள். அவர் அவளைக் கண்டதும் பதறி, "அல்ல அக்கா, தெய்வத்துக்குக் கொடுத்ததைக் குற்றம் பறஞ்சதல்ல" என்றார். அவள் துணியோடு உள்ளே போனாள். அன்று இரவுணவை அவள் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை. மகள் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள். மனைவி கயிற்றை விட்டாள். வாளி நீரைத் தொட்ட ஒலி கேட்டது. இழுக்கத் தொடங்கினாள். கட்டைவிரல் மடங்கியது.

"கயிற்றை விடு!" என்று கத்தினேன்.

"ஒண்ணும் இல்ல" என்று திரும்பியவளின் கண்கள் என்னைக் காணவில்லை. உடல் விறைத்து முன்னால் சாய்ந்தது. கயிறு உருளையில் சீறிக்கொண்டு ஓடிற்று. நான் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தபோது அவளது தலையும் மார்பும் சுவருக்கு அப்பால் கிணற்றின்மேல் கவிழ்ந்திருந்தன. இருவருமாகப் பின்னால் விழுந்தோம். மகள் வாயில் நுரையோடு அலறினாள்.

வழக்கமான வலிப்பு சற்று நேரத்தில் தணியும். இது தணியவில்லை. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது தொடங்கியது. அலறல் கேட்டு வந்த அயல்வீட்டுப் பெண் இரும்புச் சாவி ஒன்றை அவள் கைக்குள் திணித்தாள். விரல்கள் அதை நெரித்தனவே தவிர உடல் அடங்கவில்லை. மகளை அப்பெண்ணிடம் விட்டுவிட்டு நான் மனைவியைத் தூக்கிக்கொண்டு பாதையில் ஏறினேன். தேநீர்க்கடைக்காரர் கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓர் ஆட்டோவை மறித்து, ஓட்டுநர் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். நெய்யாற்றின்கரை மருத்துவமனைக்கு விரைந்தோம்.

அமரவிளைச் சோதனைச் சாவடியில் சரக்குந்துகள் வரிசையாக நின்றன. எதிர்ப்புறமும் அடைபட்டிருந்தது. ஆட்டோ நின்றுவிட்டது. கடைக்காரர் குதித்திறங்கி, "எடா, வண்டி ஒதுக்கடா! ஆளு சாவப்போவுது, நீ இருந்து பீடி வலிக்குதியா!" என்று ஒவ்வொரு வண்டியின் கதவையும் அறைந்துகொண்டு முன்னே ஓடினார்.

என் மடியில் அவள் தலை கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அத்தனை ஆண்டுகளும் குடும்ப செபத்தில் நடுங்காமல் சொற்களை அடுக்கியவன் நான். அங்கே ஒரு சொல்லும் வரவில்லை. சுகம் தா என்று கேட்க வாயெடுத்தேன். அது ஏற்கெனவே அறிவிக்கப்பட்டு, ஏலத்திலும் போய்விட்ட சுகம் அல்லவா என்ற எண்ணம் குறுக்கே நின்றது. "இவள் உம்முடையவள்" என்ற அளவில் நா ஓய்ந்தது. அதைச் சொன்னபோது எனக்கு ஆறுதல் உண்டாகவில்லை, அச்சமே மிகுந்தது. உம்முடையவள் என்று சொல்லிவிட்டால் அவர் எடுத்துக்கொள்ளவும் கூடும். அதை அறிந்தே மறுபடியும் சொன்னேன். சரக்குந்து ஒன்று உறுமிக்கொண்டு ஓரம் ஒதுங்கியது.

மருத்துவமனையில் ஊசி போட்டபின் உடல் அடங்கிற்று. மறுநாள் பிற்பகலில்தான் அவள் என்னை அடையாளம் கண்டாள். நாக்குக் கடிபட்டு வீங்கியிருந்தது.

செய்தி கேட்டு அக்காள் வெள்ளறடையிலிருந்து வந்தாள். தங்கையின் நெற்றியில் கைவைத்து அழுதாள். அழுது முடித்ததும் அவள் பார்வை என் தோள்பைமேல் விழுந்தது.

"குளிகைய பையில வச்சுக்கிட்டு நடந்தா சுகம் எங்ஙன நிக்கும்? ஒரு வீட்டில ஒருத்தருக்கு விசுவாசம் இல்லெங்கிலும் போதும்."

என்னுள் திரண்ட விடை நல்லதன்று. அது நாவுக்கு வருமுன் மனைவி பேசினாள். வீங்கிய நாக்கினால் சொற்கள் குழறின.

"அக்கா, அவர விடு. குலைய நீ நாளு பாத்து வெட்டின. அது நாளு பாத்து மூக்கல்ல." மூச்சு வாங்கினாள். "சுகம் தரல்லெங்கிலும் அவரு கர்த்தராக்கும். தந்தாத்தான் கர்த்தர்னு நான் எண்ணினது தப்பு."

"அப்போ சபையில வாசிச்சது? ஆளுக கேட்டா என்ன பறைவே?"

"மாறல்லன்னு பறைவேன்." பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் குளிகைய எடுங்க" என்றாள்.

அட்டையைப் பிதுக்கியபோது மாத்திரை தரையில் விழுந்து உருண்டது. கட்டிலுக்கடியில் குனிந்து அதைத் தேடியவள் அக்காள்தான். எடுத்தவள் அதைத் தங்கையிடம் கொடுக்கவுமில்லை, எறியவுமில்லை. தன் முந்தானையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அழுக்குப்பட்டதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். மனைவி கண்ணை மூடி, உதடசைத்து ஏதோ சொல்லிவிட்டு விழுங்கினாள்.

உடல் தேறியபின் அவள் சபைச் செயலரிடம் போய், இன்னொரு காணிக்கை படைக்கவேண்டும் என்றாள். என்ன நன்மைக்கு என்று அவர் கேட்டார். "தீனம் மாறல்ல. இருந்தாலும் ஸ்தோத்திரம்" என்றாள். அப்படி ஒன்றை அதுவரை வாசித்ததில்லை என்று அவர் தலையைச் சொறிந்தார். சகோதரியை நாலுபேர் பழிப்பார்களே என்று உண்மையான இரக்கத்தோடு தயங்கினார். "முன்ன வாசிச்சதக் கேட்டவங்க இதையும் கேக்கட்டு" என்றாள் அவள்.

எங்கள் கொல்லையில் நின்ற குலை விளையும்வரை காத்திருந்தோம். அந்த ஞாயிறன்று, செயலர் சற்றுத் தடுமாறி, நோய் நீங்காத சகோதரி ஒருவர் ஆண்டவருக்குச் செலுத்தும் தோத்திரக் காணிக்கை என்று வாசித்தார். ஒரு குரலும் எழவில்லை. என் மனைவி முக்காட்டை இழுத்துவிடவில்லை. பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து, நெடும்பொழுது கழித்து, ஒரேயொரு குரல் தோத்திரம் என்றது. திரும்பிப் பார்க்காமலே அது வெள்ளறடைக் குரல் என்று அறிந்தோம்.

முற்றத்தில் தேநீர்க்கடைக்காரர் காயைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, "இது மூத்ததாக்கும்" என்று நிறைவோடு சொல்லி விலை கேட்டார். அக்காள் அவருக்கு மேலே கேட்டாள். அவர் விடவில்லை, அவளும் விடவில்லை. "அக்கா, எனக்குக் கடை உண்டு, உங்களுக்கு எதுக்கு?" என்று அவர் கெஞ்சியும் குலை வெள்ளறடைப் பேருந்தில்தான் ஏறிற்று.

நோய் நீங்கவில்லை. அதன்பின்னும் அவள் விழுந்தாள், எழுந்தாள். காணிக்கை படைத்த மறுநாள் காலையிலும் கிணற்றடியில் என் கண் தானாக அவள் இடக்கைக்குப் போயிற்று. அவள் பாதியில் இழுப்பதை நிறுத்தித் திரும்பினாள்.

"எனக்க விரலப் பாத்துக்கிட்டு நிக்காம, வந்து கயிறப் பிடியுங்க."

பிடித்தேன். வாளி கனத்தது.